சொக்கோரோவின் நான்காவது பீப்பாய்

ஸில்லா ஊருக்குள் வந்து ஆர்டித் வாண்டர்மோலன் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். "வெண்டலோட மூக்கு இருக்காங்களே, அவங்க வீடு" என்றால் போதும். பெட்ரோல் போடுகிறவன்கூடக் கையை நீட்டி வழி காட்டிவிடுவான்.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அவளுடைய அப்பாவுக்குப் பால் பண்ணை. பால் லாரி வருவதற்கு முன்னால் அவர் தன் சின்ன மகளைக் கூப்பிட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டுவார். "மாடு காட்டு வெங்காயத்தைத் தின்னிருக்குப்பா, இன்னைக்குப் பாலை அனுப்பாதீங்க" என்று அவள் சொன்னால் அன்றைக்கு லாரி காலியாகத் திரும்பும். வளர்ந்தபிறகு வெண்டல் கெஸிங்கரின் ஒயின் கூடத்தில் குப்பி கழுவும் வேலைக்குப் போனாள். ஒருநாள் பீப்பாய்களுக்கு நடுவே நடந்து போகும்போது, "இதுல ஏதோ நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது" என்று போகிறபோக்கில் சொன்னாள். வெண்டல் தக்கையைத் திறந்து மோந்து பார்த்தார். அன்றிலிருந்து அவள் குப்பி கழுவவில்லை. எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது, எதை எப்போது குப்பியில் அடைப்பது, எல்லாம் அவளைக் கேட்டுத்தான் நடந்தது.

கல்யாணம் அவளுக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவில்லையே என்று அவள் உட்கார்ந்து அழுததும் இல்லை. காலையில் காபித் தூளைத் திறந்தால் வீட்டில் இன்னொருவர் எழுந்து நடமாடுவதுபோல இருக்கும். கோடையின் கடைசியில் பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவைக் காயப்போடுகிற மணம் பள்ளத்தாக்கு முழுக்க நிற்கும். பக்கத்து வயலில் புதினா அறுத்தால் ஜன்னல் வழியே வந்து தோளைத் தொடும். தனியாக இருக்கிறோம் என்று தோன்ற அவளுக்கு நேரமே இருந்ததில்லை.

பிறகு ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. படுத்தவள் எழுந்தாள், உடம்பு தேறியது, மூக்கு மட்டும் தேறவில்லை. ஆரஞ்சை உரித்து முகத்தருகே வைத்தாள். கை ஈரமானது, அவ்வளவுதான். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வெண்டல் நீட்டிய கோப்பையை வாங்கி மோந்தாள். காற்றை மோந்ததுபோல இருந்தது.

அவரிடம் அவள் சொல்லவில்லை. முட்டி வலி, படியேற முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அதே வாரத்தில்தான் ஒரு கலவை விஷயத்தில் வெண்டல் அவள் பேச்சை மீறி, ஆட்கள் முன்னால் குரலை உயர்த்தியிருந்தார். அது நல்ல சாக்காகவும் போயிற்று. அவர் எதை நினைத்துக்கொண்டாலும் சரி, 'ஐயோ பாவம்' என்று நினைக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. தன் உடம்பில் என்ன வாடை அடிக்கிறதோ என்ற பயத்தில் காலையும் மாலையும் குளித்தாள். மாதாகோவிலில் கடைசி வரிசைக்கு மாறினாள். ஒருமுறை அடுப்பில் பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருக்க, அடுத்த அறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அபாயமணி அலறியபிறகுதான் ஓடினாள். அதன்பிறகு சமைப்பதைக் குறைத்துக்கொண்டாள். ரொட்டி, வேகவைத்த முட்டை. எதுவாக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான்.

ஏப்ரல் மாதம் பீப்பாய் வாரக்கடைசி வந்தால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். பள்ளத்தாக்கில் இருக்கிற சின்னச் சின்ன ஒயின் கூடமெல்லாம் அந்த இரண்டு நாளும் திறந்து கிடக்கும். வெளியூர்க்காரர்கள் கழுத்தில் கோப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இன்னும் குப்பிக்கு வராத ஒயினைப் பீப்பாயிலிருந்தே சுவைத்துப் பார்த்தபடி கூடம் கூடமாகப் போவார்கள். இந்த வருஷமும் அவள் சாத்தித்தான் இருப்பாள். சொக்கோரோ விடவில்லை.

சொக்கோரோ பர்ராகான், வெண்டலிடம் பழம் பொறுக்குகிற மேசையில் அவளோடு நின்றவள். புருஷன் எவுசேபியோ திராட்சைக் கொடி கவாத்து செய்கிறவன். இருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்து, கிரேஞ்சர் போகிற சாலையில் பழைய ஆப்பிள் கொட்டகை ஒன்றில் பாதியை வாடகைக்குப் பிடித்து நான்கு பீப்பாய் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு இதுதான் முதல் பீப்பாய் வாரக்கடைசி. ஆர்டித்தை சொக்கோரோ "கொமாத்ரே" என்றுதான் கூப்பிடுவாள். தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளைக் கூப்பிடுகிற முறை அது. ஆர்டித் எந்தப் பிள்ளைக்கும் அப்படி நின்றதில்லை. ஆனாலும் சொக்கோரோ கூப்பிட்டாள்.

"கொமாத்ரே, நீ வராம நான் தக்கையையே திறக்க மாட்டேன். முட்டி வலின்னா எவுசேபியோ வந்து தூக்கிட்டு வருவான், பாத்துக்கோ" என்றாள் போனில்.

சனிக்கிழமை காலை ஆர்டித் போனாள். மேற்கிலிருந்து காற்று புழுதியோடு வீசிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் எவுசேபியோ இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். புகை எழும்பித் தன் முகத்தில் அடிப்பதை அவள் கண்ணெரிச்சலால் அறிந்தாள். உள்ளே ஒரே நிறச் சட்டை போட்ட பெண்கள் கூட்டம் ஒன்று வாடகை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. நடுவில் நின்ற பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணமாம்.

சொக்கோரோ ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு எல்லாரையும் பார்த்து, "இவங்க யாரு தெரியுமா? இவங்கதான் வெண்டலோட மூக்கு! இந்தப் பள்ளத்தாக்குல இவங்க சரின்னா சரி, சீன்னா சீ" என்றாள்.

"அப்படியா? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க மேடம்" என்றாள் கல்யாணப் பெண். "எனக்கு எல்லாமே திராட்சை ரசமாத்தான் தெரியுது."

சொக்கோரோ கண்ணாடிக் குழலை முதல் பீப்பாயில் இறக்கி, எடுத்து, ஆர்டித்தின் கோப்பையில் விட்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஆர்டித் கோப்பையைச் சுழற்றினாள். மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். பழம் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சரிவின் ஒயின் எப்படி மணக்கும் என்று நினைவிலிருந்து எடுத்துச் சொன்னாள்.

"கருஞ்செர்ரி. மழைக்கப்புறம் மண்ணு. கடைசியில கொஞ்சம் புகை."

"ஆமா! புகை! எனக்கும் வருது!" என்றாள் ஒருத்தி. "அய்யோ, ஆமாடி!" என்று மற்றவர்களும் கோப்பைக்குள் மூக்கை விட்டார்கள். வாசலில் வெந்துகொண்டிருந்த இறைச்சியின் புகையோ என்னவோ, எல்லாருக்கும் வந்தது. சொக்கோரோவின் முகம் மலர்ந்து போயிற்று. ஆர்டித்துக்குக் காது மடல் சுட்டது.

பெண்கள் சாப்பிட வெளியே போனதும் சொக்கோரோ அவளைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப்போனாள். நான்காவது பீப்பாய் தனியாக மூலையில் இருந்தது.

"கொமாத்ரே, இதை மட்டும் நீ பாரு. எனக்கு இதுல நகப்பூச்சு வாடை மாதிரி ஒண்ணு வருது. எவுசேபியோகிட்ட சொன்னா, 'உனக்குத்தான் பயம், எல்லாத்துலயும் பேய் தெரியுது'ங்கிறான். சாயங்காலம் எல்லாரும் போனதும் குறைஞ்ச பீப்பாய்ங்களை இதுல இருந்துதான் ரொப்பணும். நீ சொல்லு, எனக்கு அது போதும்."

ஆர்டித் வாங்கினாள். மோந்தாள், ஒன்றும் இல்லை. வாயில் ஊற்றி நாக்கைச் சுற்றினாள். புளிப்பு இருந்தது, துவர்ப்பு இருந்தது. விழுங்கும்போது தொண்டையின் அடியில் ஏதோ சுள்ளென்று பிடித்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்தது. அது என்ன என்று அவள் யோசித்திருக்கலாம். ஆனால் எதிரே சொக்கோரோ இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவள்போல நின்றாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஆர்டித்துக்கு வாய் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. இளசு, அதான்" என்றாள்.

"அப்பாடா!" சொக்கோரோ அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். "எவுசேபியோ! நீ சொன்னதுதான் சரியாம்டா! இன்னைக்கு மட்டும் ரொம்ப ஆடாத!"

ஆர்டித் சாப்பிடாமலே கிளம்பினாள். பிக்கப் வண்டியில் ஏறிச் சாலைக்கு வந்தாள். வீட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். ஆனால் தொண்டையில் பிடித்த அந்தச் சுள்ளென்பது போகவே இல்லை. தண்ணீர் குடித்தாள், இருந்தது. அந்தப் பீப்பாய் கெட்டிருந்தால், சாயங்காலம் அதை ஊற்றுகிற ஒவ்வொரு பீப்பாயும் கெடும். அந்தக் குடும்பத்துக்கு இருப்பதே அந்த நான்குதான். சாலையோரமாக நிறுத்தி போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுத்தாலும் என்ன சொல்வது? 'எனக்கு மூக்கில்லை' என்றால் பிறகு எவுசேபியோவின் பேச்சுதான் எடுபடும். இன்னொரு மூக்கு வேண்டும். அவளுக்குத் தெரிந்து அப்படி ஒரு மூக்கு ஒன்றே ஒன்றுதான்.

வெண்டலின் கூடத்தில் கார் நிறுத்த இடமில்லை. வாத்தியக்காரர்கள் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெண்டல் கல்லாவுக்குப் பின்னால் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில், மனைவி ஜோலீனும் போனபிறகு, நன்றாக மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடவில்லை. அவளைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"பரவாயில்லையே. முட்டி இந்தப் பக்கமெல்லாம் வருதா?"

"வெண்டல், உங்ககிட்ட ஒரு விஷயம்…"

"ஜோலீன் செத்தப்போ வரலை. ஒரு கார்டு. கீழே உன் பேரு. அவ்வளவுதான். நான் ஒரு நாள் கத்துனதுக்கு அவ என்ன பண்ணா?"

அவள் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ இன்னொரு கோப்பை கேட்டார்கள். வெண்டல் கவனிக்கவில்லை.

"எனக்கு மணம் தெரியாது வெண்டல்" என்றாள். "அந்தக் காய்ச்சல்ல போச்சு. முட்டியும் இல்லை, நீங்க கத்துனதும் இல்லை. ஜோலீனுக்குப் பூவா அடுக்கி வச்சிருப்பாங்க. அத்தனை பூவுக்கு நடுவுல ஒண்ணும் தெரியாம நிக்க என்னால முடியாதுன்னுதான் வரலை."

வெண்டல் துணியைக் கீழே வைத்தார். அவர் கண் அவள் மூக்குக்குப் போய், வெட்கப்பட்டதுபோலத் திரும்பியது.

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே." பிறகு அவள் அவசரமாகச் சொக்கோரோவின் பீப்பாயைப் பற்றிச் சொன்னாள். நல்லா இருக்கு என்று தான் சொன்னதையும் விடவில்லை.

"அடிப்பாவி" என்றார் வெண்டல். ஏப்ரனை அவிழ்த்து வேலைக்கு நின்ற ஆள் கையில் கொடுத்தார். "வண்டி எங்க?"

வருஷத்திலேயே கூட்டம் அதிகமான நாள் அது. வாசலில் நின்றவர்கள் அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

காற்று அதற்குள் பலத்திருந்தது. சாலைக்குக் குறுக்கே புழுதி ஓடியது. கொட்டகைக்கு வந்தபோது பஸ்ஸையும் காணோம், ஆட்களையும் காணோம். புழுதிக்குப் பயந்து எல்லாரும் நேரத்தோடே போயிருந்தார்கள். எவுசேபியோ பறந்துபோன கூடாரத் துணியை வயலில் துரத்திக்கொண்டிருந்தான். ஆர்டித் இறங்கி ஓடினாள். ஆட்கள் போயாயிற்று என்றால் சொக்கோரோ நிரப்ப ஆரம்பித்திருப்பாள்.

ஆரம்பித்துத்தான் இருந்தாள். இரண்டாவது பீப்பாயின் வாயில் புனலைச் செருகி, ஜாடியைத் தூக்கியிருந்தாள்.

"சொக்கோரோ! ஊத்தாத!"

சொக்கோரோ திரும்பினாள். வெண்டலைப் பார்த்ததும் சிரிக்கப்போனவள், ஆர்டித்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வெண்டல் ஜாடியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, வாயருகே மோந்தார். இரண்டாம் முறை மோக்கத் தேவையிருக்கவில்லை.

"இது வினிகரா மாறிட்டிருக்கு, சாலட்ல ஊத்தத்தான் லாயக்கு தாயி. எங்கெங்க ஊத்துன?"

"முதல் பீப்பாய்ல. ஒரு ஜாடி." சொக்கோரோவின் பார்வை ஆர்டித்தை விட்டு அகலவில்லை. "நீதானே நல்லாருக்குன்ன?"

ஆர்டித் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இருக்கவில்லை. சொல்லி முடித்தபோது சொக்கோரோ பீப்பாயின் வாயிலிருந்து புனலை உருவிக் கீழே வைத்தாள்.

"அப்போ காலையில, அந்தப் பொண்ணுங்ககிட்ட, கருஞ்செர்ரி, மண்ணு…"

"ஞாபகத்துல இருந்து சொன்னேன்."

சொக்கோரோ தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆர்டித்துக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என் மூக்கு சரியாத்தான் சொல்லுச்சு" என்றாள் தாழ்ந்த குரலில். "நகப்பூச்சுன்னு சொல்லுச்சு. உனக்காக நான் அதைப் பொய்யாக்கிட்டேன். மூக்கு போனதுக்கு உன்மேல கோவப்படுவேனா? தெரியலைன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வலிச்சுதா?"

வெண்டல் முதல் பீப்பாயில் குழலை இறக்கிப் பார்த்தார். ஒரு ஜாடிதான், கந்தக மருந்து போட்டால் தாங்கினாலும் தாங்கும், வாராவாரம் மோந்து பார்க்கவேண்டும் என்றார். திங்கட்கிழமை தானே மருந்து கொண்டுவருவதாகவும் சொன்னார். சொக்கோரோ அவருக்கு நன்றி சொன்னாள். ஆர்டித் புனலைக் கழுவக் கையை நீட்டினாள். "இருக்கட்டும்" என்று சொக்கோரோ அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும் வழியில் வெண்டல் சட்டையில் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டார். பிறகு, "சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"மொறுமொறுன்னு இருக்கும். கொழகொழன்னு இருக்கும். அவ்வளவுதான்."

"ம்."

"என்மேல என்ன வாடை அடிக்குதுன்னே எனக்குத் தெரியாது வெண்டல். அதுதான் ரொம்பக் கொடுமை. மாதாகோவில்ல பக்கத்துல யாரும் உக்காந்தா நகந்துக்கறேன்."

வெண்டல் அவள் பக்கம் சாய்ந்து, வெட்கமே இல்லாமல் தோளருகே மோந்தார். "சோப்பு. நிறையச் சோப்பு. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே. அந்தச் சனியனை மாத்து முதல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எப்போது கடைசியாகச் சத்தமாகச் சிரித்தோம் என்று நினைவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினாள். காற்று அடங்கியிருந்தது; சாலையின் இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள் பூத்து நின்றன. வெண்டல் ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தார்.

"இப்போ பூ எப்படி மணக்குதுன்னா…"

"வேண்டாம்" என்றாள் ஆர்டித். "சொல்லாதீங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருக்க முடியவில்லை. தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து, பிராஸரைத் தாண்டி மலைச்சரிவில் இருந்த ஒரு சின்னக் கூடத்துக்குப் போனாள். குழலோடு நின்ற தாடிக்காரனிடம், "எனக்கு மணம் தெரியாது. இருந்தாலும் ஊத்துங்க" என்றாள்.

அவன் ஒரு நிமிஷம் விழித்தான். "அப்படின்னா உங்களுக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டான், கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"குடிச்சுட்டுச் சொல்றேன்."

பிக்கப்பின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்து குடித்தாள். பீப்பாயின் குளிர்ச்சி முதலில் பல்லில் இறங்கியது. பிறகு நாக்கின் ஓரத்தில் புளிப்பு, கன்னத்தின் உட்புறம் பழுக்காத நாவற்பழம் தின்றதுபோல ஒரு பிடிப்பு. தொண்டையில் ஒன்றும் சுள்ளென்று பிடிக்கவில்லை. அது நல்ல ஒயினாகத்தான் இருக்கவேண்டும். பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் ஒருவர் கோப்பையை ஒருவர் பிடுங்கி மோந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவள் கோப்பையில் இருந்ததை முழுக்கக் குடித்து முடித்தாள். உள்ளே போய் தாடிக்காரனிடம் தெரிந்ததைச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனான்.

வெண்டல் இப்போது ஞாயிறு மத்தியானங்களில் போன் செய்கிறார். பேச அவருக்கும் அதிகம் ஒன்றும் இல்லை. ஜோலீன் இல்லாத வீட்டில் அவர் என்ன சமைத்தார், அவள் என்ன சாப்பிட்டாள், அவ்வளவுதான். சில வாரம் அவள் எடுப்பதில்லை. சில வாரம் மணி அடிப்பதற்கு முன்பே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

சொக்கோரோவை அவள் ஜூன் மாதம்தான் பார்த்தாள், மளிகைக் கடையில், தக்காளிக்கு முன்னால். இரண்டு பேர் கையிலும் கூடை. நழுவ வழி இருந்தும் இருவரும் நழுவவில்லை.

"முதல் பீப்பாய் பொழைச்சுக்கிச்சு" என்றாள் சொக்கோரோ. "வெண்டல் வாராவாரம் வந்து பாக்கறாரு. நானும் மோந்து பாக்கறேன். அந்த நாலாவதை வினிகர் பண்றவன்கிட்ட குடுத்துட்டோம்."

"நல்லது" என்றாள் ஆர்டித். "எவுசேபியோ எப்படி இருக்கான்?"

"இருக்கான். முட்டி எப்படி?" என்று கேட்டுவிட்டு, அது வெறும் சாக்கு என்பது நினைவு வந்து சொக்கோரோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள்.

"அறுவடைக்கு மேசையில ஆள் வேணும்" என்றாள் சொக்கோரோ, தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "அழுகலைக் கண்ணாலயே பொறுக்கலாம். வர்றதா இருந்தா வா, ஆர்டித்."

வருகிறேன் என்று ஆர்டித் தலையாட்டினாள். சொக்கோரோ பணம் கட்டுகிற வரிசைக்குப் போய்விட்டாள். அவள் வெளியே போகிறவரைக்கும் ஆர்டித் தக்காளிக்கு முன்னாலேயே நின்றாள். இத்தனை வருஷத்தில் சொக்கோரோ வாயில் 'கொமாத்ரே' இல்லாமல் தன் பெயரைக் கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு கூடைக்கு நாலு தக்காளியை, அமுக்கிப் பார்த்து, கெட்டியானதாக எடுத்துப் போட்டுக்கொண்டாள்.